தராசில் ஏறிய இரண்டாம் ஆள்

68.4.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசின் சிவப்பு எழுத்துகள் அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தன.

ஆனால் தராசின் மேல் கொழுந்து இல்லை.

தேயிலை ஃபெக்டரியின் பொறுப்பாளர், பெரிய டீமேக்கர் கணேசமூர்த்தி கிடந்தார்! கண்கள் திறந்திருந்தன. பின்மண்டை உடைந்திருந்தது. மேடையின் இரும்பு விளிம்பில் ரத்தம்...

காவல்காரர் சின்னத்தம்பி போட்ட அலறல், கருங்கல் தோட்டத்தின் கடைசி லயத்து வீடு வரைக்கும் கேட்டது.

அது நேற்று மாலை ஆறு மணிக்கு நடந்த கதை.

இன்று காலை ஏழு மணி. ஹட்டன் பஜாரில், தராசும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கும் பாவா நானாவின் கடையில் போன் அடித்தது.

பிரேமினி எடுத்தாள். அந்தக் கடையின் ஒரே மெக்கானிக் அவள்தான். வயது இருபத்தாறு.

"அடியே பிரேமினி..." அம்மா மீனம்மாவின் குரல் உடைந்தது. "லோஜனை பொலிஸ் இழுத்துக்கிட்டுப் போயிருச்சுடி! டீமேக்கரையாவை அவன்தான் அடிச்சுக் கொன்னானாம்!"

"என்னாம்மா சொல்றீங்க?"

"நேத்து காலையில ரெண்டு பேருக்கும் வாய்த்தகராறு. ஃபெக்டரியே பாத்துச்சாம். அது போதும்னு தூக்கிட்டாங்க. எம்புள்ளையைக் காப்பாத்துடி!"

போன் கையிலிருந்து நழுவியது. அதே ஃபெக்டரியில் வேலை செய்யும் தம்பி லோஜனா? கோழி அறுப்பதைப் பார்த்தாலே வீட்டுக்குள் ஓடிவிடுகிறவனா கொலை செய்தான்?

பிரேமினி சட்டென்று லேப்டாப்பைப் பையில் திணித்தாள். இரண்டு கேபிள்களை எடுத்தாள். ஒன்று ஐந்து மீட்டர், அவளே பற்றவைத்தது. இன்னொன்று அரை மீட்டர், கம்பெனிச் சரக்கு.

"எங்க புள்ள போறே?" பாவா நானா மூக்குக் கண்ணாடியை ஏற்றினார்.

"கருங்கல் தோட்டத்துக்கு நானா. நாமதானே அந்தத் தராசைப் போட்டுக் குடுத்தோம்? அது செகண்டுக்கு ஒருதரம் நிறையை மெமரியில எழுதி வைக்கும். மூணு நாள் கணக்கு உள்ள கிடக்கு. டீமேக்கரு செத்தது அந்த மேடையில. அப்ப யாரு கூட ஏறினாங்கன்னு..."

பாவா நானாவின் முகம் மாறியது.

"புள்ள, அந்தத் தராசுல பேட்டரி செத்து நாலு நாளாச்சு. புதுசு கொழும்புல இருந்து இன்னும் வரல. கரண்ட் ஒருக்கா போனா போதும்... உள்ள எழுதினதும் அழியும். நாம போட்ட செட்டிங்கும் அழியும்."

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப சுருக்கா போகணும் நானா!"

ஓடினாள்.

*

ஃபெக்டரி கேட்டுக்கு வெளியே நூறு பெண்கள் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கு யாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை. பனிமூட்டம் அவர்கள் தலைக்கு மேலேயே தொங்கியது.

வீரம்மா எழுந்து வந்தாள். நாற்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிற கை. அதைவிட நீளமான வாய்.

"வந்துட்டியா தாயி! ஒந்தம்பி அப்பாவின்னு நாங்க சொன்னா எந்தப் பொலிசு கேக்குது? இத்தனை நாளா எங்க கொழுந்தை முழுங்கின தராசு, இப்ப ஆளையே முழுங்கிருச்சு!"

"அக்கா..."

"நெசத்தைத்தான் சொல்றேன். மலையில நிறுத்தா ஒரு நிறை, இங்க வந்தா ஒரு நிறை. ரெண்டு வருசமா கத்துறோம். மிசின் பொய் சொல்லாதுன்னுட்டாங்க!"

பிரேமினியின் காது மடல் சுட்டது. அந்தப் பேச்சு வந்தாலே அவள் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். ஏன் என்று அவளுக்கும் பாவா நானாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

"உள்ள போகணும் அக்கா" என்று சொல்லிவிட்டு நழுவினாள்.

கதவைத் திறந்துவிட்டவர் சின்ன டீமேக்கர் ஜெயகாந்தன். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. நேற்றுப் போட்ட அதே கம்பளிக் கோட்டு. அழுது சிவந்த கண்கள்.

"வா தங்கச்சி. லோஜன் செஞ்சிருப்பான்னு நான் நம்பல. பொலிஸ்லயும் அதைத்தான் சொன்னேன்."

பிரேமினிக்குக் கண்கள் கலங்கின. இந்தத் தோட்டத்தில் அதிகாரம் உள்ள ஒருத்தராவது நல்ல வார்த்தை சொல்கிறாரே!

"அண்ணே, தராசு ஆன்லதானே இருக்கு?"

"இருக்கே. ஏன்?"

சொன்னாள். செகண்டுக்கு ஒரு நிறை. மூன்று நாள் ஞாபகம். கரண்ட் போனால் அந்த ஞாபகம் அழிந்துவிடும். எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜெயகாந்தன் நிறுவை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இம்புட்டு விசயம் அதுக்குள்ள இருக்கா!" என்றார் பிறகு. "எங்களுக்கே தெரியாதே தங்கச்சி."

*

நிறுவை அறை சின்னது. ஒரு சன்னல். நடுவில், தரையோடு தரையாகத் தராசு மேடை. எதிர்ச் சுவரில் சிவப்பு எழுத்துப் பெட்டி. அதன் பக்கத்தில் பெரிய மெயின் சுவிட்ச்.

மேடையைக் கழுவியிருந்தார்கள். ஆனால் இரும்பு விளிம்பின் இடுக்கில் இன்னும் ஒரு கருஞ்சிவப்புக் கோடு...

பிரேமினி அதன் மேல் கால் வைக்கவில்லை. மேடையைச் சுற்றிக்கொண்டு, சன்னலோரத்து மேசைக்குப் போய்விட்டாள். சுவர்ப் பெட்டியிலிருந்து மேசை வரைக்கும் ஐந்து மீட்டர் கேபிளை இழுத்தாள். ஒரு முனை தராசின் சீரியல் துவாரத்தில். மறுமுனை லேப்டாப்பின் யூ.எஸ்.பி.யில்.

பட்டனைத் தட்டினாள்.

எண்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தன. ஊர்ந்து... ஊர்ந்து...

திரையில் ஒரு வரி.

மீதி நேரம்: 2 மணி 50 நிமிடம்.

"எம்புட்டு நேரம் எடுக்கும் தங்கச்சி?" வாசலில் நின்ற ஜெயகாந்தன் கேட்டார்.

"மூணு மணி நேரம் ஆகும் போல அண்ணே. பழசுல இருந்துதான் வரும். நேத்து சாயங்காலக் கணக்கு கடைசியிலதான் இருக்கு."

"ஐயய்யோ!"

பிரேமினி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"பத்து மணிக்குக் கரண்ட் வெட்டுறாங்களே தங்கச்சி! லைன்ல வேலையாம். இப்பவே ஒம்பது பத்து!"

அவளுக்கு உயிரே போய்விட்டது. ஐம்பது நிமிடம்! அதற்குள் வராவிட்டால் லோஜனின் ஒரே சாட்சி அழிந்துவிடும். தராசுக்குள் இருக்கிற மூன்று நாளும் ஒரு நொடியில் பூச்சியமாகும்!

"மனசைத் தளரவிடாத. நான் அந்தப் பக்கம் ஒரு வேலையா போயிட்டு வர்றேன்." ஜெயகாந்தன் நகர்ந்தார்.

தனியாக இருந்தாள். ஒரு பிணம் கிடந்த அறையில்.

யோசி பிரேமினி... யோசி!

வேகம்! தராசு 9600 வேகத்தில் அனுப்புகிறது. வாங்கும்போது கம்பெனிக்காரன் வைத்த வேகம். அதை 115200-க்கு ஏற்றலாம். பன்னிரண்டு மடங்கு! இரகசிய எண்ணைத் தட்டி, சுவர்ப் பெட்டியில் வேகத்தை மாற்றினாள். லேப்டாப்பிலும் மாற்றினாள். பட்டனைத் தட்டினாள்.

வந்தது குப்பை!

கோடும் புள்ளியும் கேள்விக்குறியுமாகத் திரை முழுக்க அள்ளிக் கொட்டியது. ஒரு எண்கூட உருப்படி இல்லை.

"சனியனே!"

அவளே பற்றவைத்த கேபிள்தான் கோளாறு. மெதுவாகப் பேசினால் ஐந்து மீட்டர் தாண்டியும் கேட்கிறது. வேகமாகப் பேசினால் குழறுகிறது.

பையில் அரை மீட்டர் கேபிள் இருந்தது. நல்ல சரக்கு. ஆனால் அதைப் போட வேண்டுமென்றால் சுவர்ப் பெட்டிக்கு அடியிலேயே உட்கார வேண்டும். உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் அந்த மேடை இருக்கும்...

அவள் மேடையைப் பார்த்தாள். இடுக்கில் இருந்த கோட்டைப் பார்த்தாள்.

"முருகா, நீதான் துணை" என்று முணுமுணுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். லேப்டாப் மடியில். சுவரைப் பார்த்த முகம்.

பட்டன்!

எண்கள் சுத்தமாக வந்தன. மீதி நேரம்: 1 மணி 18 நிமிடம்.

அழுகை முட்டியது. மணி ஒன்பது இருபத்திரண்டு. பத்து நாற்பதுக்கு முடிந்து யாருக்கு லாபம்?

வேகத்தைப் பன்னிரண்டு மடங்கு கூட்டியும் நேரம் பாதிதானே குறைந்திருக்கிறது! ஏன்? மிச்ச நேரத்தை எவன் தின்கிறான்?

மேலே கொழுந்து வாட்டும் மாடியில் தகரம் 'தட்... தட்...' என்று அடித்தது. யாரோ நடக்கிறார்களா? காற்றா? அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

திரையில் எண்கள் வரும் விதத்தையே உற்றுப் பார்த்தாள். ஒரு வரி... நிறுத்தம். ஒரு வரி... நிறுத்தம்.

பிடித்துவிட்டாள்!

கேபிளின் தலைக்குள் ஒரு சில்லு இருக்கிறது. தராசு ஒரு வரியைத் தந்தால் அதை உடனே லேப்டாப்பிடம் தராது. இன்னும் ஏதாவது வருமா என்று பதினாறு மில்லி செகண்டு வாசலில் பிடித்து வைத்திருக்கும். லேப்டாப் 'சரி, வந்தது' என்று சொன்னால்தான் தராசு அடுத்த வரியை அனுப்பும். கொழுந்தை நிறுத்து முடித்த பெண்ணை, பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று சும்மா நிற்க வைக்கிற கங்காணியைப் போல! பெண்கள் எவ்வளவு வேகமாக ஓடி வந்து என்ன பிரயோசனம்?

இரண்டரை லட்சம் வரிகள். ஒவ்வொரு வரிக்கும் பதினாறு மில்லி செகண்டு வெட்டிக் காவல்.

விரல்கள் பறந்தன. கேபிளின் அமைப்புகளைத் திறந்தாள். உள்ளே, உள்ளே, இன்னும் உள்ளே... காத்திருக்கும் நேரம்: 16.

அதை அழித்தாள். 1 என்று போட்டாள். கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகினாள். மறுபடி முதலிலிருந்து...

பட்டன்!

எண்கள் அருவியாகக் கொட்டின.

மீதி நேரம்: 15 நிமிடம்.

"அப்பாடா!"

மணி ஒன்பது முப்பத்தொன்று. ஒன்பது நாற்பத்தாறுக்கு முடிந்துவிடும். லோஜன் பிழைத்தான்!

நாற்பது சதவீதம்... ஐம்பது... அறுபது...

அப்போதுதான் அவள் தலையை உயர்த்தி, சுவர்ப் பெட்டியைப் பார்த்தாள்.

0.0 என்று இருந்த சிவப்பு எழுத்து மாறியிருந்தது.

79.8.

ரத்தம் உறைந்தது! அவளுக்குப் பின்னால், மேடையின் மேல், யாரோ நிற்கிறார்கள்!

காலடிச் சத்தம் கேட்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

திரும்ப முடியவில்லை.

"டீ கொண்டாந்தேன் தங்கச்சி."

ஜெயகாந்தன்! கையில் கோப்பை. காலில் ரப்பர் செருப்பு.

"அண்ணே... பயந்தே போயிட்டேன்!"

"எம்புட்டு வந்திருக்கு?"

"அறுபத்தஞ்சு வீதம்."

கோப்பை லேசாகத் தளும்பியது.

"மூணு மணி நேரம்னு சொன்னியே?"

"வேகத்தைக் கூட்டிட்டேன் அண்ணே! இன்னும் அஞ்சே நிமிசம்."

"கெட்டிக்காரி..." ஜெயகாந்தன் சிரித்தார். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றது. கோப்பையை சன்னலில் வைத்துவிட்டு சுவர்ப் பக்கமாக நகர்ந்தார். கை, மெயின் சுவிட்சின் கைப்பிடியைத் தொட்டது. "இது கறள் புடிச்சு, துருவேறிக் கிடக்கு. பத்து மணிக்கு முந்தியே போனாலும் போகும்..."

"தொடாதீங்கண்ணே!"

பாம்... பாம்...!

வெளியே ஜீப்பின் ஹோர்ன். ஜெயகாந்தனின் கை பொசுக்கென்று கீழே இறங்கியது.

*

இன்ஸ்பெக்டர் ஷிஹாப் உள்ளே வந்தார். பின்னால் ஒரு கான்ஸ்டபிள். அவருடைய பிடியில், விலங்கு போட்ட லோஜன். கொலை நடந்த இடத்தை அவன் வாயாலேயே காட்டச் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார்கள். கேட்டில் இருந்த பெண்களும் விடவில்லை. வீரம்மா முன்னால் நிற்க, வாசலை அடைத்துக்கொண்டார்கள்.

"அக்கா!" லோஜனின் உதடு கிழிந்திருந்தது. "நான் ஒண்ணும் செய்யலக்கா!"

"தெரியும்டா தம்பி. ஒரு நிமிசம் பொறு."

நூறு சதவீதம்!

லேப்டாப் 'டிங்' என்றது. பிரேமினி நேற்று மாலைக்குத் தாவினாள். ஐந்து ஐம்பது... ஐம்பத்தொன்று...

"சேர், இங்க பாருங்க! அஞ்சு ஐம்பத்திரண்டுக்கு மேடையில ஒருத்தர். 68.4. பொணம் கிடந்தப்பவும் அதே நிறை. அப்ப அது டீமேக்கரையா. அடுத்த நிமிசம் பாருங்க... 151.2! ரெண்டாவது ஆள் ஏறியிருக்கான். எண் ஆடுது, ரெண்டு பேரும் தள்ளுமுள்ளு. பிறகு அவன் இறங்கிட்டான். திரும்ப 68.4. அதுக்குப் பிறகு அசைவே இல்ல..."

பெண்கள் கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள்.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். "அப்ப ரெண்டாவது ஆளோட நிறை?"

"151.2-ல 68.4 போனா... 82.8 கிலோ! எந்தம்பியைப் பாருங்க சேர். அவன் அறுபதுகூட இருக்க மாட்டான்!"

லோஜன் தேம்பித் தேம்பி அழுதான். அவளுக்கும் அழுகை வந்தது.

"நல்லது. அப்ப அந்த 82.8 யாரு?"

இன்ஸ்பெக்டரின் கண்கள் அறையைச் சுற்றி வந்தன. தடித்த ஆள் அங்கே ஒருத்தர்தான்.

ஜெயகாந்தன் கோபப்படவில்லை. கைகூப்பினார்.

"சேர், என்னைய சந்தேகப்படுறீங்க. நியாயம்தான். எதுக்கு வீண் பேச்சு? இதே தராசு. இதுலேயே எல்லாரையும் நிறுங்க. மொதல்ல நானே ஏறுறேன்!"

ஏறினார்.

79.8.

"பாருங்க சேர். எண்பதுகூட இல்ல!"

காவல்காரரையும் ஃபெக்டரி ஆட்களையும் கூப்பிட்டார்கள். சின்னத்தம்பி ஏறினார். ஐம்பத்தைந்து. இஞ்சின் ட்ரைவர் ஏறினார். அறுபத்தாறு. டிரையர்காரர்கள், ரோலர்காரர்கள்... எழுபதைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை.

"லோஜன்... நீயும் ஏறு."

51.3.

"சேர்" லோஜன் தயங்கினான். "ராத்திரி டாக்டர் ஐயா நிறுத்தப்ப வேற நிறை சொன்னாரே..."

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த ஃபைலைத் திறந்தார். டிக்கோயா ஆஸ்பத்திரியில் எழுதிய பத்திரம். அதைப் படித்த அவர் முகம் கறுத்தது.

"54.3! இங்க 51.3! ஒரே ராத்திரியில மூணு கிலோ இளைச்சானா? இந்தத் தராசே பிழை! பிழையான தராசு சொல்ற சாட்சியை கோர்ட்டுல நீதவான்கிட்ட நான் எப்படிக் குடுக்க?" லேப்டாப்பைப் படாரென்று மூடினார். "கான்ஸ்டபிள், இவனை ஜீப்புல ஏத்துங்க."

"சேர்!"

"அக்கா... என்னைய விட்டுராதக்கா!"

மூன்று கிலோ...

பிரேமினியின் தலைக்குள் மின்னல் வெட்டியது. 79.8. அதோடு மூன்று...

ஜெயகாந்தனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதலாக. அண்ணனைப் போல.

கால் மணி நேரத்துக்கு முன் முதுகுக்குப் பின்னால் கேட்ட மூச்சு! சுவிட்சைத் தடவிய கை!

எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால்... வாசலில் நூறு பெண்கள். அவளைத் தூக்கி வளர்த்தவர்கள். நடுவில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவளுடைய அம்மா.

சொன்னால் அவள் அசிங்கப்படுவாள். சொல்லாவிட்டால் தம்பி போய்விடுவான்.

"நில்லுங்க சேர்!" பிரேமினி குறுக்கே போய் நின்றாள். "தராசு பிழையில்ல. அதைப் பிழையாக்கினது... நான்தான்."

வாசலில் நின்ற பெண்கள் முன்னால் நெருங்கினார்கள்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி இந்தத் தராசு கடையில இருந்து வந்துச்சு. அப்ப ஃபெக்டரியில இருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்துச்சு. எது ஏறினாலும் மூணு கிலோ கழிச்சுக் காட்டணும்னு. சாக்குக்கும் தண்ணிக்கும்னு எழுதியிருந்துச்சு. பாவா நானாவுக்குக் கை நடுங்கும். அதனால எண்ணைத் தட்டினது நான். வெளியில சொன்னா வேலை போயிரும்னு பயந்துட்டேன். என்னைய மன்னிச்சுருங்க அக்கா... அம்மா, மன்னிச்சுரும்மா!"

"அடிப்பாவி!" வீரம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "எங்க வயித்துல அடிச்சது நீதானாடி?"

மீனம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பிறகு அடிங்கக்கா, வாங்கிக்கிறேன். சேர், கேளுங்க! ஒரு ஆள் நின்னாலும் மூணுதான் கழியும். ரெண்டு பேர் நின்னாலும் மூணுதான் கழியும். அதனால அந்த 82.8 சுத்தமான நிறை. ஆனா தனியா ஏறினவங்க எல்லாருக்கும் மூணு குறையுது. 51.3-ல மூணைக் கூட்டுங்க, டாக்டர் எழுதினது வரும். 79.8-ல கூட்டுங்க..."

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

"82.8."

"பொய்!" ஜெயகாந்தனின் குரல் இப்போது வேறாக இருந்தது. "தம்பியைக் காப்பாத்த வாய்க்கு வந்ததை உளறுது! எங்க காட்டு பாப்பம்?"

"காட்டுறேன். எண் எனக்குத் தெரியும்." பிரேமினி சுவர்ப் பெட்டியை நோக்கி நடந்தாள்.

ஜெயகாந்தன் பாய்ந்தார்!

அவளை இடித்துத் தள்ளிவிட்டு மெயின் சுவிட்சை இழுத்தார். 'படக்!' சிவப்பு எழுத்து செத்தது. விளக்கு அணைந்தது. பனிமூட்டம் மூடிய சன்னலிலும் ஆட்கள் அடைத்த வாசலிலும் வெளிச்சமே இல்லை. பெண்கள் வீறிட்டார்கள். பிரேமினியின் கழுத்தை ஒரு கனத்த கை உரசிக்கொண்டு போனது. அவள் அலறினாள்.

தட தடவென்று ஓட்டம்... வாசலில் 'தொம்' என்று ஒரு சத்தம்...

"புடிச்சுட்டேன்யா! காலை விடாதீங்கடி!" வீரம்மாவின் குரல்.

கான்ஸ்டபிளின் டோர்ச் எரிந்தது. ஜெயகாந்தன் குப்புறக் கிடந்தார். முதுகில் நான்கு பெண்கள். கொழுந்து கிள்ளுகிற விரல்களின் பிடி! அசைய முடியவில்லை.

"இழுத்தாச்சு" என்று இளித்தார் ஜெயகாந்தன். "உள்ள இருந்ததெல்லாம் அழிஞ்சு போச்சு. இப்ப என்னா செய்வ?"

"லேப்டாப்புல எல்லாம் இருக்குண்ணே" என்றாள் பிரேமினி.

"சுவிட்சைப் போடும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "பத்து மணியாகப் போகுதே, கரண்ட் போகுமோ?"

"பத்து மணிக்கு வெட்டுறாங்கன்னு இவர்தான் சொன்னார் சேர்."

"அப்படியா? எங்களுக்கு அப்படி எந்த அறிவித்தலும் வரலையே."

போட்டாள். தராசு கண் விழித்தது. 0.0.

"இப்ப ஏறும் மிஸ்டர் ஜெயகாந்தன்."

ஏற்றினார்கள்.

82.8!

ஜெயகாந்தன் அந்த எண்ணை வாயைப் பிளந்து பார்த்தார்.

"நான் இன்னும் எண்ணைத் தட்டவே இல்ல சேர்" பிரேமினி மெதுவாகச் சொன்னாள். "பேட்டரி செத்துப் போச்சு. கரண்ட் போனா, அழியிறது எழுதினது மட்டுமில்ல. போட்ட செட்டிங்கும் சேர்த்து அழியும். அந்த மூணு கிலோவை அழிச்சது அவரேதான்!"

ஜெயகாந்தன் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாம் தானாக வந்தது. அந்தத் துண்டுச் சீட்டை அனுப்பியது. கழித்த கொழுந்தைத் தனியாக அரைத்துத் தூளாக்கி வெளியே கடத்தியது. அது கணேசமூர்த்திக்கு நேற்றுத்தான் தெரிந்தது. 'நாளையில இருந்து பொம்பளைங்களுக்கு சரியான நிறை போடணும். இல்லாட்டி தோட்டத்துத் துரைகிட்ட சொல்லுவேன்' என்று அந்த மேடையில் நின்றே அவர் சொன்னது. தள்ளியது...

"கொல்ல நினைக்கல சேர்..."

"அதை நீதவான்கிட்ட சொல்லுங்க."

லோஜனின் கையிலிருந்த விலங்கு கழன்றது. அதே விலங்கு இன்னொரு கைக்குப் போனது. அக்காவும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

பிரேமினி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே வீரம்மா நின்றாள். அடி விழும் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

விழவில்லை.

"ஒனக்கு இருக்குடி. மூணு நாள் என்கூட மலைக்கு வந்து கொழுந்து எடுக்கிற. முதுகுல கூடையோட. அப்பத்தான் மூணு கிலோன்னா என்னான்னு தெரியும்."

"வர்றேன் அக்கா."

வெளியே, கான்ஸ்டபிள் ஜெயகாந்தனை ஜீப்பில் ஏற்றத் திணறிக்கொண்டிருந்தார்.

வீரம்மா முந்தானையை உதறிச் செருகினாள். நூறு பேருக்கும் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"பாத்து ஏத்துங்கய்யா! ஆளு காலையில இருந்ததை விட மூணு கிலோ கூடிட்டாரு!"